எழுத மறுத்த டிவிடி

தனபால்: பாரு கண்ணு, மறுபடியும் துப்பிருச்சு.

நந்திதா: ஏனுங்ணா, நூறு வரைக்கும் ஓடுச்சுங்களே? நான் பார்த்துட்டேதான இருந்தேன்?

தனபால்: ஓடும். நல்லா ஓடிட்டுக் கடைசில கையை விரிச்சுரும். தொறந்து பார்த்தா உள்ள ஒண்ணுமே இல்ல. காலி.

நந்திதா: ரெண்டாவது டிஸ்க்குங்ணா இது.

தனபால்: டிஸ்க்குலதான் கோளாறு. எங்க வாங்குன?

நந்திதா: கொடுமுடில கேட்டா சிரிக்கறாங்க. காந்திபுரத்துல பஸ்ஸ உட்டு எறங்கிக் கடை கடையா ஏறுனேன். ஒருத்தன் பரண் மேல இருந்து தூசி தட்டிக் குடுத்தான். “அக்கா, இதையெல்லாம் இன்னும் யாருங்க வாங்கறாங்க?”ன்னு கேக்கறான்.

தனபால்: அதையேதான் நானும் கேக்கறேன். இந்தக் காலத்துல உனக்கு டிஸ்க்கு எதுக்கு?

நந்திதா: வந்ததும் சொன்னனுங்களே. காங்கயத்து அத்தைக்குன்னு.

தனபால்: சொன்ன, சொன்ன. இன்னொருக்கா சொல்லு, கேப்போம்.

நந்திதா: குழந்தையம்மா அத்தை அழுவறாங்கங்ணா. தம்பி செத்து வருசமாகப் போகுது, அவன் கொரலை ஒருக்காலாச்சும் கேக்கோணும்ங்கறாங்க. அப்பா பேசுனது என்கிட்ட கொஞ்சம் இருந்துச்சு. அவங்கூட்டுல அந்தப் பழைய டிவிடி பொட்டிதான் கெடக்குது. போனெல்லாம் அவங்களுக்கு ஆகாது.

தனபால்: ம்... அதுக்காகக் கொடுமுடில இருந்து பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும், ரெண்டு பஸ்ஸு மாறி.

நந்திதா: வேற யாருகிட்டங்ணா எழுதற மெஷினு இருக்குது? எங்க பாப்பாவோட லேப்டாப்புல அந்தத் தட்டே இல்ல. நீங்க ஒருத்தருதான் இன்னும் கார்ல போடறதுக்கு டிஸ்க்குல பாட்டு எழுதிட்டிருக்கறீங்க.

தனபால்: என்ன பண்றது, என்ற காருக்குப் பென்டிரைவு போட வாயில்ல.

நந்திதா: அப்ப உங்க கார் டிஸ்க்குலயே ஒண்ணு குடுங்ணா. என்றது கோளாறுன்னா.

தனபால்: அது... தீர்ந்துபோச்சு.

நந்திதா: அந்த அலமாரில ஒரு கட்டு இருக்குதுங்களே? கம்பில கோத்தாப்புல?

தனபால்: அது சிடி. டிவிடி வேற, சிடி வேற.

நந்திதா: என்ற ஃபைலு துளியூண்டுதானுங்ணா. சிடிலயே அடங்கிப்போகும்.

தனபால்: ...அடங்கும். சரி, எடு. கண்ணு நல்லாத்தான் தெரியுது உனக்கு.

நந்திதா: இந்தாங்க. சாப்ட்வேர வேணா மாத்திப் பார்க்கறீங்களா?

தனபால்: சாப்ட்வேர் மூணு வெச்சிருக்கறேன். விண்டோஸோடவே வர்றது ஒண்ணு. அது நம்ம சொந்தக்காரனாட்ட. கூப்புட்டா வருவான், வேலை நடக்காது. இன்னொண்ணு காசு குடுத்து வாங்கறது. கொஞ்ச நாளைக்குச் சும்மா உடுவான், அப்பறம் கழுத்தைப் புடிப்பான். மூணாவது இனாமாக் கெடைக்கறது. பார்க்க லட்சணமா இருக்காது, ஆனா வேலை சுத்தம்.

நந்திதா: அப்ப மூணாவதையே போடுங்ணா.

தனபால்: அதுலதான் இப்ப எழுதுனேன்.

நந்திதா: வேலை சுத்தம்னீங்க?

தனபால்: நீ என்ன, குறுக்கு விசாரணையெல்லாம் பண்ற? யாரு பழக்கி உட்டது?

நந்திதா: அய்யோ, சும்மா கேட்டனுங்ணா.

தனபால்: சரி, இரு. எழுதறதுக்கு முன்னால இது ஒண்ணு கேக்குது பாரு. வீடியோ டிஸ்க்கா, டேட்டா டிஸ்க்கான்னு. அத்தை ஊட்டுப் பொட்டில பாடோணும்னா வீடியோ டிஸ்க்குதான்.

நந்திதா: டேட்டாவே போடுங்ணா.

தனபால்: டேட்டாவா?

நந்திதா: ஆமாங்ணா. ஃபைலு எப்புடி இருக்குதோ அப்புடியே.

தனபால்: அப்புடியே போட்டா அத்தையோட பொட்டி முழிக்கும் கண்ணு. டிவில ஒண்ணும் வராது.

நந்திதா: அது... யாராச்சும் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டுவாங்க.

தனபால்: யாரு? அந்தத் தோட்டத்துக்குள்ள, அத்தைக்கும் நாலு எருமைக்கும் நடுவுல, கம்ப்யூட்டரோட யாரு உக்காந்திருக்கறா?

நந்திதா: எழுதறதுன்னா எழுதுங்ணா. இத்தனை கேட்டா எனக்கு என்ன தெரியும்?

தனபால்: கோவிச்சுக்காத. வெவரம் கேட்டாத்தான எழுத முடியும். ஃபைலைத் தொறந்து, கொரல் கேக்குதான்னு பார்த்துட்டு எழுதலாம்.

நந்திதா: தொறக்க வேண்டாங்ணா!

தனபால்: ஏன், இப்புடிப் பதறற?

நந்திதா: பதறலீங்ணா. நீங்க கேட்டா மனசு கஷ்டப்படுவீங்க. கடைசில பேசுனது. இருமிட்டே பேசுவாரு.

தனபால்: என்ற அப்பன் இருமுனதை நான் கேக்கக்கூடாதா... அட, இதென்ன? பாஸ்வேர்டு கேக்குது? பூட்டி வெச்சிருக்கற?

நந்திதா: பாப்பா என்னமோ பண்ணிக் குடுத்தா. எனக்குத் தெரியாதுங்ணா.

தனபால்: பூட்டுன ஃபைலை அத்தை எப்புடிக் கேப்பாங்க? பாஸ்வேர்டு அத்தைக்குத் தெரியுமா?

நந்திதா: நான் கூட இருந்து போட்டுக் காட்டுவேன்.

தனபால்: சரி, பாஸ்வேர்டு சொல்லு.

நந்திதா: பாப்பாவுக்குத்தான் தெரியும்.

தனபால்: இப்பத்தான் நீ போட்டுக் காட்டுவேன்ன?

நந்திதா: ண்ணா, நான் என்ன திருடீட்டா வந்துட்டேன்?

வளர்மதி: ஏனுங்க, வந்த புள்ளைய எதுக்கு இப்புடி வறுக்கறீங்க? அம்மணி, நீ காப்பியக் குடி, ஆறிப்போகுது.

நந்திதா: ஆகட்டுங் நங்கையா.

வளர்மதி: எழுதிக் குடுத்தாச்சுங்களா?

தனபால்: எங்க... டிஸ்க்கு ஒத்துழைக்க மாட்டேங்குது.

வளர்மதி: நேத்துப் பொழுதோட கார்ல போடறதுக்குப் பாட்டு எழுதுனீங்க. ஒரே தாட்டில வந்துச்சு?

தனபால்: அது நேத்து.

வளர்மதி: ராத்திரியோட மெஷினுக்குக் காய்ச்சல் கண்டுபோச்சாக்கும்.

நந்திதா: நேத்து எழுதுச்சுங்களா நங்கையா?

வளர்மதி: ஆமா அம்மணி. அதைப் போட்டுட்டுத்தான் புளியம்பட்டி சந்தை வரைக்கும் போயிட்டு வந்தோம். காது கிழிஞ்சுபோச்சு எனக்கு.

தனபால்: வளர், நீ உள்ள போறயா? இங்க ஒரு வேலை நடக்குது.

வளர்மதி: போறேனுங்க. அம்மணி, போறதுக்கு முன்னால அந்தப் பட்டுச் சீலையைப் பார்த்துட்டுப் போ. புதங்கெழமைக்குன்னு எடுத்து வெச்சிருக்கறேன். நீ கேட்ட அரக்குக் கலருதான். பத்திர ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டதும் தட்டுல வெச்சுத் தந்துருவோம்.

நந்திதா: ...ஆகட்டுங் நங்கையா.

தனபால்: புதங்கெழம நெனப்பு இருக்குதில்ல கண்ணு?

நந்திதா: இருக்குதுங்ணா.

தனபால்: காலைல நேரமே வந்துரு. மாப்பிள்ளையும் வருவாரில்ல?

நந்திதா: அவரு... எண்ணெய்ச் செக்குல வேலை இருக்குதும்பாரு. பார்க்கலாங்.

தனபால்: கெணத்துக்காட்டுல எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு நீ ஒரு கையெழுத்துப் போடறதுக்கு அவருக்கு ஒண்ணும் மனசுல இல்லையே?

நந்திதா: எழுதுங்ணா. பஸ்ஸுக்கு நேரமாகுது.

தனபால்: எழுதறேன். வேகத்தைக் கொறைச்சு வெக்கறேன். அவசரப்பட்டு எழுதுனா லேசரு எழுத்தை விட்டு விட்டுப் போடும்.

நந்திதா: எழுதி முடிச்சதும் டிஸ்க்க மூடிப்போடுங்ணா. ஃபைனலைஸ்னு இருக்குமில்ல? அப்பறம் அதுல ஒருத்தரும் எதையும் சேர்க்கவோ மாத்தவோ முடியாதபடி.

தனபால்: ...அப்பா இருமுனதுல யாரு கண்ணு வந்து எதைச் சேர்க்கப் போறாங்க?

நந்திதா: சும்மா சொன்னேன்.

தனபால்: கடைசி மூணு மாசம் உன்ற ஊட்டுலதான் கெடந்தாரு. நான் வாரத்துக்கு ஒருக்கா வந்து ஆரஞ்சுப் பழம் குடுத்துட்டு வந்தேன். பேசுனதெல்லாம் உங்கூடத்தான். என்ன பேசுனாருன்னு நானும் கேட்டதில்ல, நீயும் சொன்னதில்ல.

நந்திதா: என்னத்தங்ணா பேசுவாரு... வலிக்குதும்பாரு. மழை பேஞ்சுதான்னு கேப்பாரு.

தனபால்: அதை எடுத்தா பூட்டி வெச்சிருக்கற?

நந்திதா: முடிஞ்சுதுங்களா பாருங்ணா. நூறு காட்டுது.

தனபால்: ம். தட்டு வருது... இரு, மறுபடி செருகிப் பார்க்கறேன்.

நந்திதா: எப்புடிங்ணா?

தனபால்: காலி.

நந்திதா: இது உங்க டிஸ்க்குங்ணா. நேத்து எழுதுன கட்டுல இருந்து எடுத்தது.

தனபால்: எனக்கும் அதுதான் புரிய மாட்டேங்குது. உன்ற பென்டிரைவுல ஏதாச்சும் வைரஸ் இருக்குமோ என்னமோ.

நந்திதா: சரிங்ணா. உடுங்க. டவுனுக்குப் போற வழில ஒரு ஸ்டூடியோல எழுதித் தருவாங்களாமா. காந்திபுரத்துக் கடைக்காரன் சொன்னான். அங்கயே போயிக்கறேன். பென்டிரைவைக் குடுங்க.

தனபால்: அட, இரு இரு. உன்ற போன்ல இருக்குமில்ல இந்த வீடியோ? அதுல இருந்து போட்டா ஒருவேளை...

நந்திதா: அந்தப் போனு கீழ உழுந்து ஒடஞ்சுபோச்சுங்ணா.

தனபால்: பாப்பா லேப்டாப்புல?

நந்திதா: இல்லீங். இது ஒண்ணுதான் இருக்குது. அதான் பயமா இருக்குது எனக்கு.

தனபால்: இது ஒண்ணுதானா?

நந்திதா: ஆமாங்ணா.

தனபால்: அப்ப இதைத் தூக்கிட்டு எவனோ ஒருத்தன் ஸ்டூடியோவுக்கு எதுக்குப் போகோணும்? தொலைச்சுப்போட்டான்னா? இங்கயே இருக்கட்டும். சாப்ட்வேர அழிச்சுட்டுப் புதுசாப் போட்டு எழுதித் தாரேன். ஒரு அரை மணி நேரம் ஆகும். நீ போயி நம்ம ராமாத்தாளைப் பார்த்துட்டு வா. பாத்ரூம்ல உழுந்து காலு பெசகிக் கெடக்குறாங்க. உன்னை வெகுநாளாக் கேட்டுட்டே இருக்கறாங்க.

நந்திதா: ராமாத்தா அக்காவா? எப்பங்ணா?

தனபால்: போன வாரம். பக்கத்தூடுதான, போயிட்டு வா.

நந்திதா: ...நீங்க எழுதுங்ணா, நான் இங்கயே உக்காந்திருக்கறேன்.

தனபால்: ஏன் கண்ணு, என்ற மேல நம்பிக்கை இல்லையா?

நந்திதா: அய்யோ, அப்புடியெல்லாம் இல்லீங்ணா. சரி, ஒரு எட்டுப் பார்த்துட்டு வாரேன்.

தனபால்: மெதுவா வா. ஒண்ணும் அவசரமில்ல.

வளர்மதி: போயிட்டாளா? ஏனுங்க, என்ன நடக்குது இங்க?

தனபால்: மெதுவாப் பேசு. அந்தக் கதவைச் சாத்து.

வளர்மதி: பொறந்தவ வந்திருக்கறா. மூஞ்சிய இஞ்சி தின்னாப்புல வெச்சுட்டு உக்காந்திருக்கறீங்க.

தனபால்: அவ அத்தைக்கு எழுதல. வக்கீலுக்கு எழுதறா.

வளர்மதி: யாரு, நந்திதாவா? வாய் கூசாமச் சொல்றீங்களே!

தனபால்: நம்ம பட்டறைல மோட்டாரு களவு போனப்ப என்ன கேட்டாங்க? காமிரா வீடியோவ டிஸ்க்குல போட்டுக் கொண்டாங்கன்னு கேட்டாங்களா இல்லையா? இன்னைக்கு நாட்டுல டிஸ்க்கு கேக்கற எடம் ஸ்டேசனும் கோர்ட்டும்தான். டேட்டாவாப் போடு, ஃபைனலைஸ் பண்ணு, ஒருத்தரும் கை வெக்கக்கூடாது... இதெல்லாம் எண்ணெய்ச் செக்குக்காரன் பொண்டாட்டி பேசற பேச்சா?

வளர்மதி: அப்புடி என்னங்க இருக்கும் அதுல?

தனபால்: கெணத்துக்காட்டுல மகளுக்கும் பாதின்னு அப்பன் வாயால சொல்ல வெச்சு எடுத்திருக்கறாங்க. தமிழ்வேந்தன் மாப்பிள்ளை லேசுப்பட்ட ஆளில்ல. வாய் நெறைய மச்சான் மச்சான்னுட்டு, பின்னாலயே குழி தோண்டற ஆளு.

வளர்மதி: அப்ப நேராவே கேட்டுப்போடுங்க.

தனபால்: எப்புடிக் கேக்கறது? என் மேல கேசு போடப் போறயான்னு கூடப் பொறந்தவகிட்டக் கேட்டா, அப்பறம் அவ இந்த வாசலை மிதிப்பாளா? ஊரு என்ன பேசும்?

வளர்மதி: எழுதித் தர முடியாதுன்னாச்சும் சொல்லுங்க.

தனபால்: பொறந்த ஊட்டுக்கு வந்து ஒரு டிஸ்க்கு எழுதிக் குடுங்ணாங்கறா. அதுக்கு மாட்டேன்னு சொல்றதா? அதெல்லாம் சொல்ல முடியாது வளர்.

வளர்மதி: சொல்லவும் மாட்டீங்க, கேக்கவும் மாட்டீங்க. மூணு மணி நேரமா அந்த மெஷினோட மல்லுக்கட்டறீங்க. எனக்குப் பார்த்தாலே தலை சுத்துது... அந்தப் பென்டிரைவுல என்னங்க, லைட்டு மினுக்கு மினுக்குங்குது?

தனபால்: எழுதுது.

வளர்மதி: டிஸ்க்குலதான எழுதோணும்?

தனபால்: நீ போயி சாப்பாட்டுக்கு எலையைப் போடு.

வளர்மதி: எனக்கென்னமோ அந்தப் புள்ள அப்புடிச் செய்ய மாட்டாள்னு தோணுதுங்க.

தனபால்: எல்லாரும் அப்புடித்தான் நெனைப்பாங்க. கோர்ட்டு நோட்டீசு வர்ற வரைக்கும்.

*

நந்திதா: வந்துட்டேங்ணா. ராமாத்தா அக்காவுக்குக் காலு பூசணிக்காயாட்ட வீங்கிக் கெடக்குது, பாவம். உடவே மாட்டேங்கறாங்க, பிச்சுட்டு வாரேன்.

தனபால்: வா கண்ணு. வேலை முடிஞ்சுது. இந்தா.

நந்திதா: எழுதிருச்சுங்களா!

தனபால்: புதுசாப் போட்டதும் எழுதிப்போடுச்சு. பென்டிரைவையும் எடுத்து உன்ற பைக்குள்ள வெச்சுட்டேன். சாப்பிட்டுட்டுக் கெளம்பு. நானே பஸ்ஸ்டாப்புல கொண்டாந்து உடறேன்.

நந்திதா: ரொம்ப ஒபகாரங்ணா. ஒருக்கா போட்டுப் பார்த்துறலாங்களா?

தனபால்: பார்த்துட்டேன் நான். நல்லா இருக்குது.

நந்திதா: ...ண்ணா.

தனபால்: என்ன?

நந்திதா: இந்த ஜன்னல் வெளிச்சத்துக்கு வாங்க. டிஸ்க்கோட அடிப்பக்கத்தைப் பாருங்க.

தனபால்: பளபளன்னு இருக்குது. அதுக்கென்ன?

நந்திதா: எழுதுன டிஸ்க்குன்னா நடுவுல இருந்து ஒரு வளையமாட்ட நெறம் மாறித் தெரியோணுமில்லீங்ணா? எழுதுன எடம் ஒரு சாயல், எழுதாத எடம் ஒரு சாயல்னு நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க? காலேஜுல படிக்கறப்ப?

தனபால்: சின்ன ஃபைலு... வளையம் சின்னதா இருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

நந்திதா: அந்த மொத ரெண்டு டிஸ்க்கையும் குடுங்க. மூணாவதையும்... எதுலயும் வளையமில்ல. லேசரு தப்பா எழுதியிருந்தாக்கூட ஏதாச்சும் கருகியிருக்கோணும். இதுல எதுலயும் லேசரு படவே இல்லீங்ணா.

தனபால்: அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? மெஷினைக் கேளு.

நந்திதா: நகருங்க சித்த. நான் அந்த சாப்ட்வேரத் தொறக்கறேன்.

தனபால்: அதுல நீ கை வெக்காத, எல்லாம் கலைஞ்சுபோகும்...

நந்திதா: இதென்னுங்ணா? வேகத்துக்குக் கீழ ஒரு கட்டத்துல டிக்கு போட்டிருக்குது. சிமுலேட்டுன்னு.

தனபால்: அது எப்பவும் இருக்கறதுதான்.

நந்திதா: எப்பவும் இருந்தா நேத்து பாட்டு எப்புடிங்ணா எழுதுச்சு? லேசரை அணைச்சுப்போட்டு, எழுதறாப்புல சும்மா ஓட்டிப் பார்க்கறது இது. நூறு வரைக்கும் ஓடும், டிஸ்க்கு காலியாவே இருக்கும். டிஸ்க்கு வீணாப்போகக் கூடாதுன்னு நான் பழகறப்ப நீங்களே இதைத்தான் போட்டுக் குடுப்பீங்க.

வளர்மதி: ஏனுங்க... நெசமாங்க?

நந்திதா: காலைல இருந்து இந்தப் பொறந்தவளைக் கிறுக்கச்சியாக்கிப் பக்கத்துல உக்கார வெச்சிருந்தீங்களாங்ணா? டிஸ்க்கு கோளாறு, வைரஸு, மெதுவா எழுதோணும்... நானும் நூறு வரதுக்குக் கொடுமுடி சாமிய வேண்டிட்டு உக்காந்திருந்தனே!

தனபால்: ஆமா. வேணும்னேதான் பண்ணுனேன். என்ன இப்ப?

வளர்மதி: ஏனுங்க, கொரலை எறக்குங்க.

தனபால்: எதுக்கு எறக்கோணும்? புதங்கெழம கையெழுத்துப் போடறேன்னு பட்டுக்கு நெறம் சொல்லி உடறது, அதுக்குள்ள வக்கீலுக்கு டிஸ்க்கு கொண்டு போறது! அதுவும் என்ற ஊட்டு மெஷின்லயே எழுதி! கத்தியத் தீட்ட என்கிட்டயே கொண்டாந்திருக்கற! சொல்லு, அந்த டிஸ்க்கு யாருக்கு? அத்தைன்னு சொன்னா பல்லை ஒடச்சுப்போடுவேன்.

நந்திதா: ...வக்கீலுக்குத்தானுங்ணா.

தனபால்: கேட்டயா வளர்? கேட்டயா? நான் சொன்னப்ப நம்பலையே நீ!

வளர்மதி: அம்மணி... நீயா?

நந்திதா: வக்கீலுக்குத்தான் நங்கையா. ஆனா கேசு போடறது நானில்ல. அவரு. என்ற பேர்ல போடச் சொல்லி ரெண்டு மாசமா உசுரை எடுக்கறாரு.

தனபால்: மாப்பிள்ளையா?

நந்திதா: கெணத்துக்காட்டுல பாதி கேளுங்கறாரு. புதங்கெழம நான் பத்திர ஆபீசுக்கு வந்தா, திரும்ப அந்த ஊட்டுப்படி ஏறக்கூடாதுன்னுட்டாரு.

தனபால்: இதை வந்ததும் சொல்றதுக்கென்ன?

நந்திதா: எப்புடிங்ணா சொல்லுவேன்? பொறந்த ஊட்டுல வந்து கட்டுனவனைக் காட்டிக் குடுத்துட்டு, அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் அங்க குடித்தனம் பண்றது? நீங்க அதுக்கப்பறம் அவருகூட ஒரு பந்தில உக்காருவீங்களா? பாப்பா கல்யாணத்துக்கு மாமன் சீரு கொண்டாந்து நிப்பீங்களா? ஒருத்தருக்கும் தெரியாம இதை முடிச்சுறலாம்னு நெனச்சேன்.

தனபால்: டிஸ்க்கு எழுதி எப்புடி முடிப்ப?

நந்திதா: அவரு புடிச்ச வக்கீலு நல்ல மனுசருங்ணா. நான் தனியாப் போயி அழுதேன். உங்கப்பா பேசுனது இருந்தா ஒரு டிஸ்க்குல போட்டுக் கொண்டாம்மா, அதை வெச்சு இந்தக் கேசு நிக்காதுன்னு நானே உங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிக்கறேன்னாரு. நீ குடுத்ததாச் சொல்ல மாட்டேன்னாரு.

தனபால்: ...நிக்காதா? அப்பா என்ன சொன்னாரு அதுல?

நந்திதா: “மேக்காட்டை வித்துத்தான் மாப்பிள்ளைக்குச் செக்கு வெச்சுக் குடுத்தேன். நந்திதாவோட பங்கு அதோட முடிஞ்சுபோச்சு. கெணத்துக்காடு தனபாலுக்கு”ன்னு சொல்றாருங்ணா. எங்கூட்டுக்காரரு அந்தக் கட்டில்ல பக்கத்துல உக்காந்துட்டு, ஆமாங் மாமான்னு தலையாட்டறாரு. அதுவும் அதுல தெரியுது. இப்ப, செக்கு என்ற காசுல வெச்சது, மேக்காட்டுப் பணத்தைக் கண்ணாலயே பார்க்கலைங்கறாரு. உங்களைப் பத்தியும் அப்பா ஒரு வார்த்தை சொல்றாரு. “அவன் சந்தேகப் பேர்வழிதான். ஆனா உன்னையக் கைவிட மாட்டான்”னு. அதைச் சொல்லீட்டுச் சிரிக்கறாரு பாருங்க, இருமலோட... என்னையத் தேத்திட்டிருக்கறது அது ஒண்ணுதான்.

வளர்மதி: கேட்டீங்களா? கேட்டீங்களா? இந்தப் புள்ளையப் போயி என்னென்ன பேச்சுப் பேசுனீங்க! போட்டுக் காட்டு அம்மணி. மாமா கொரலை நானும் கேக்கறேன்.

தனபால்: வேண்டாம்... இப்ப வேண்டாம்.

வளர்மதி: ஏனுங்க வேண்டாம்? ஒரு வருசமாச்சு கேட்டு!

நந்திதா: கேக்கட்டுங் நங்கையா. நான் சொன்னா நம்ப மாட்டாரு. பாஸ்வேர்டும் எனக்குத் தெரியும். போனை எங்கூட்டுக்காரருதான் சுவத்துல அடிச்சு ஒடச்சாரு. அதுக்கு முன்னாலயே பாப்பா இதுல எடுத்துப் பூட்டி, அவங்கப்பா கண்ணுல படாம என்ற கைல குடுத்துட்டா. நகருங்ணா, செருகறேன்.

தனபால்: கண்ணு... சொன்னாக் கேளு. சாப்பிட்டுட்டுப் பார்க்கலாம்.

நந்திதா: அந்த டிக்கை எடுத்துப்போட்டு நீங்களே உங்க கையால எழுதிக் குடுங்க. அது போதும் எனக்கு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்க மாட்டேன்... இந்தா, தொறந்துருச்சு.

வளர்மதி: எங்க அம்மணி?

நந்திதா: இருங்க... இதுலதான இருந்துச்சு. ண்ணா, ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது. வெறுமையா இருக்குது.

வளர்மதி: நல்லாச் செருகிப் பாரு.

நந்திதா: நல்லாத்தான் செருகியிருக்கறேன் நங்கையா. அப்பா எங்கீங்ணா?

தனபால்: நீ ராமாத்தா ஊட்டுக்குப் போனப்ப... அழிச்சுப்போட்டேன் கண்ணு.

வளர்மதி: அட கெரகமே! ...இருங்க, இருங்க. அழாத அம்மணி. ஏனுங்க, நம்ம பையனோட போட்டோ அழிஞ்சப்பத் திரும்ப எடுத்தீங்களே? அழிச்சதைத் தோண்டி எடுக்கறதுக்கு ஒரு சாப்ட்வேரு இருக்குதுன்னு சொல்லுவீங்களே? அதைப் போடுங்க! சும்மா நிக்காதீங்க, போடுங்க!

தனபால்: இருக்குது வளர்... அது இருக்குதுன்னு தெரிஞ்சுதான், தோண்டுனாலும் வராதபடிக்கு அழிச்சதுக்கு மேல கார் பாட்டையெல்லாம் அது நெறையற வரைக்கும் ஏத்தி ஏத்தி அழிச்சேன்.